கரிமணி வெளுத்த வருஷங்கள்

1994-ஆம் வருஷம் ஆடி மாதம், பிரிசில்லாவின் வலது கை நடுவிரலில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அப்போது அவளுக்கு வயது இருபத்தொன்பது. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று முந்தானையில் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. பொங்கலுக்குள் அது மற்ற விரல்களிலும் ஏறி, புறங்கை முழுக்கப் பரவி, உதட்டோரத்தில் ஒரு கீற்றாக வந்து நின்றது. அவளுக்கு வலி இல்லை, அரிப்பு இல்லை. தொந்தரவெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான்.

பிறந்தது மதுராந்தகம் ஏரிக்குப் பின்னால் ஒரு காலனியில். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பிழைத்தவர்கள். பத்தொன்பது வயதில் ஏசுபாதத்துக்கு வாழ்க்கைப்பட்டு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரிக்கு வந்தாள். அவன் கட்டட வேலைக்குப் போனான். அவள் கல்பாக்கம் அணுமின் நிலையத்தாரின் குடியிருப்பான அணுபுரத்தில் மூன்று வீடுகளில் சமையலும் பாத்திரமும் பார்த்தாள். அவள் வைக்கும் வத்தக்குழம்புக்காக அந்தக் குடியிருப்பில் இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்ட காலம் உண்டு.

அந்தக் காலத்தில் செங்கல்பட்டு ஜில்லாவில் சுவர் கண்ட இடமெல்லாம் ஒரே விளம்பரம்தான். உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறி. ஜனங்கள் அதில் ‘உணர்ச்சியற்ற’ என்ற சொல்லை விட்டுவிட்டு மிச்சத்தைப் படித்தார்கள். பஸ்ஸில் பிரிசில்லா கம்பியைப் பிடித்தால் பக்கத்துக் கை நகர்ந்துவிடும். அவள் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். தோல் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஊசி நுனியால் குத்தினார். அவள் சுள்ளென்று கையை இழுத்துக்கொண்டதும் சிரித்தார். இது வெண்புள்ளி, தோலில் நிறம் போகிறது, அவ்வளவுதான், யாருக்கும் ஒட்டாது, போய் வேலையைப் பாரம்மா என்றார்.

வேலையைப் பார்க்க விட்டால்தானே. அந்த மூன்றில் ஒன்றான சியாமளா வீட்டில் முதலில் அவளுடைய காபி டம்ளர் அலமாரியிலிருந்து இறங்கி ஜன்னல் திட்டுக்குப் போனது. பிறகு சமையல் வேண்டாம், பெருக்கினால் போதும் என்றார்கள். பிறகு ஒரு நாள் கொஞ்ச நாளைக்கு லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னாள் சியாமளா. டாக்டர் சொன்னதைப் பிரிசில்லா அப்படியே ஒப்பித்தாள்.

“எனக்குத் தெரியாதா பிரிசில்லா? எங்க வீட்டுக்காரரே சயின்டிஸ்ட். நாங்க அப்படியெல்லாம் நினைக்கிறவங்க இல்ல. அக்கம்பக்கத்துல பேசறாங்க, அதுக்காகத்தான்.”

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் இதையே சொன்னார்கள். அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடும் மற்ற வீடுகளுக்குப் பயந்துகொண்டிருந்தது. பயப்படுகிறவர் யார் என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை. ஒரு மாதத்துக்குள் மூன்று வீடும் போயிற்று.

அடுப்பங்கரையில் கை படக்கூடாது என்றால், கை பட்டால் யாரும் கவலைப்படாத வேலை எது என்று பிரிசில்லா யோசித்தாள். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே மணலில் குதிரைச் சவாரி விடுகிறவர்களைத் தினமும் பார்த்திருக்கிறாள். குதிரை யார் கையைப் பார்த்து முகம் சுளிக்கும்? கம்மலும் இரண்டு ஆடும் போயின. அந்தியூர்ச் சந்தையிலிருந்து குதிரைகளை ஓட்டிவந்து விற்கும் தனகோடி என்ற வியாபாரி வாலாஜாபாத்தில் இருந்தான். ஏசுபாதத்தை இழுத்துக்கொண்டு அங்கே போனாள்.

குதிரையின் விலை அதன் நிறத்தில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். நுக்ரா என்று ஒரு ஜாதி, பிறவியிலேயே வெள்ளை, தோல்கூட ரோஸ் நிறம்; அதன் பக்கத்தில் போகவே காசு கேட்பார்கள். நான்கு காலிலும் நெற்றியிலும் வெள்ளை விழுந்த பஞ்சகல்யாணிக்கு அடுத்த மரியாதை. செவலைக்கு நடுத்தர விலை. கறுப்பை யாரும் சீந்துவதில்லை. சனி என்பார்கள், போட்டோவில் முகம் விழாது என்பார்கள். தொழுவத்தின் கோடியில் இரண்டு வயதில் ஒரு கறுப்புப் பெட்டை நின்றது. கண்ணைச் சுற்றி நாலைந்து வெள்ளை மயிர். பிரிசில்லா கையை நீட்டினாள். அது மோந்து பார்த்துவிட்டு, புறங்கையில் இருந்த உப்பை நக்கியது.

“இதான்,” என்றாள்.

“கறுப்பு நம்மளுக்கு ஆவாதுமே,” என்றான் ஏசுபாதம்.

“ஏன், நீ இன்னா செவப்பா?”

கரிமணி என்று பேர் வைத்தாள். சேணத்துக்குப் பழக்கி, குழந்தைகளை ஏற்றத் தொடங்கியபோது வருஷம் 1997. கடற்கரையில் குதிரைக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவர் முனிசாமிதான் யார் முதலில் சவாரி விடுவது, யார் பின்னால் என்று வரிசை போடுவார். பொம்பளை குதிரை பிடிப்பதா என்று கொஞ்ச நாள் முனகினார்கள். அவள் வாய்க்குப் பயந்து விட்டுவிட்டார்கள். சனி ஞாயிறு கூட்டத்தில் அவள் குரல் தனியாகக் கேட்கும். முழங்கை வரை நீளும் ரவிக்கை போட்டு, கயிற்றைச் சுருட்டிப் பிடித்திருப்பாள். குழந்தைகள் குதிரையைத்தான் பார்த்தன. அவள் கையைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அந்த ஒரு வருஷமும் பிரிசில்லா ராணி மாதிரி இருந்தாள்.

பிறகு கரிமணி வெளுக்கத் தொடங்கியது.

முதலில் முகம். கண்ணைச் சுற்றி இருந்த நாலைந்து மயிர் நாற்பதாயிற்று. சில மாதங்களில் விலாவில் காசு காசாக வெள்ளை வட்டங்கள் பூத்தன. கழுத்து சாம்பல் நிறத்துக்குப் போயிற்று. கால்கள் மட்டும் கறுப்பாக நின்றன. வேறு யாருக்கும் தோன்றுவதற்கு முன்னால் பிரிசில்லாவுக்கே அது தோன்றிவிட்டது: என் கைதான் இதுக்கு ஒட்டிக்கிச்சு. தோல் டாக்டர் சொன்னது மறந்துபோகவில்லை. ஆனால் ஊரே ஒரு விஷயத்தை நாலு வருஷமாக முகத்தால் சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு டாக்டர் ஒரு நாள் சொன்னது எத்தனை நாள் தாங்கும்? கொஞ்ச நாள் கரிமணிக்குத் தண்ணீர் காட்டும்போது கையில் துணி சுற்றிக்கொண்டாள். அந்தத் துணியை நினைத்தால் அவளுக்குப் பின்னாளில் யார்மீதும் வராத கோபம் தன்மீதே வரும்.

1999 காணும் பொங்கல் வந்தது. வருஷத்தில் அதைவிடப் பெரிய நாள் கடற்கரைக்குக் கிடையாது. சென்னையிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள், மணல் தெரியாது. அன்றைக்குக் குதிரை புள்ளியும் தேமலுமாக நின்றால் யாரும் ஏறமாட்டார்கள் என்று ஏசுபாதம் பயந்தான். நல்ல மனுஷன்தான், யோசிக்காமல் செய்துவிடுவான். விடியற்காலையில் அடுப்புக்கரியை இடித்து விளக்கெண்ணெயில் குழைத்து, குதிரையைத் தலையிலிருந்து வால் வரை பூசி வைத்துவிட்டான்.

பிரிசில்லா எழுந்து வந்து பார்த்தாள். குதிரை புது ரோடு மாதிரி பளபளத்தது.

“யோவ், நான் பூசிகினு திரியுறேனா? அது ஏன்யா பூசிக்கணும்?”

கழுவ நேரமில்லை. கரைக்குப் போனார்கள். பத்து மணிக்குள்ளாகவே ஒரு பையன் ஏறி இறங்கினான். பொங்கலுக்கு எடுத்த வெள்ளைக் கால்சட்டை. இறங்கும்போது அது பாதி கறுப்பு. அவன் அம்மா முதலில் திட்டினாள். பிறகு எண்ணெயோடு கரி வழிந்த இடத்தில் கீழே வெள்ளை வட்டங்கள் தெரிவதைப் பார்த்தாள். பிறகு கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அவ்வளவுதான். குதிரைக்கும் அதே வியாதி, மூடி மறைத்துக் குழந்தைகளை ஏற்றுகிறாள் என்று அவள் போட்ட கூச்சல் ஐஸ் வண்டிவரைக்கும் போயிற்று. கூட்டம் வட்டம் கட்டியது. பையனைத் தூக்கிக் கடல்தண்ணீரில் போட்டுத் தேய்த்தார்கள். யாரோ மணலை வாரிக் குதிரைமேல் வீசினார்கள். ஒருவராவது பிரிசில்லாவிடம் இது என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும், பதில் கிடைத்தால் வேடிக்கை முடிந்துவிடும்.

முனிசாமி வந்து கூட்டத்தைக் கலைத்தார். டாக்டர் வந்து சரி என்று சொல்லும்வரைக்கும் கரைப்பக்கம் தலைகாட்டக் கூடாது என்று தீர்ப்பும் சொன்னார்.

மறுநாள் பிரிசில்லா கரிமணியைக் கழுவி, திருக்கழுக்குன்றம் கால்நடை ஆஸ்பத்திரி வரைக்கும் நடத்தியே கூட்டிப் போனாள். டாக்டர் ஜெபகுமார் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் குதிரையைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அவள் கதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கழுத்தைத் தடவியபடி கேட்டார்.

“இது நரைம்மா. நமக்கு அம்பதுல வர்றது இந்த வகைக்கு மூணு வயசுல வரும். கறுப்பா பொறக்கும், புள்ளி விழும், அப்புறம் முழுக்க வெள்ளையாயிடும். மயிர்தான் வெளுக்குது. தோலைப் பாருங்க.”

விலாவில் வெள்ளை வட்டத்தின் நடுவே மயிரைப் பிரித்துக் காட்டினார். அடியில் தோல் மை மாதிரி கறுப்பாக இருந்தது. பிரிசில்லா தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குத் தோல் வெளுத்து, மயிர் கறுப்பு. குதிரைக்கு நேர்மாறு. ஒன்றிலிருந்து ஒன்று வந்திருக்கவே முடியாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவள் ஆஸ்பத்திரித் திண்டில் உட்கார்ந்து அழுதாள். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. கையில் துணி சுற்றிக்கொண்ட நாட்களை நினைத்து ஆத்திரத்தில் வந்தது.

ஜெபகுமார் அந்த வாரமே ஜீப்பில் கரைக்கு வந்து சங்கத்தாரிடம் நேரில் சொன்னார். முனிசாமி அங்கேயே ஒத்துக்கொண்டார். குதிரைக்கு ஒன்றுமில்லை, வரட்டும். ஆனால் பிரிசில்லா வேண்டாம்.

“எனக்கும் டாக்டரு சொல்லிகிறாரே அண்ணாத்த, ஒட்டாதுன்னு. நாலு வருஷம் முன்னாடியே சொல்லிட்டாரே.”

“எனக்கு நம்பிக்கதான் தங்கச்சி. பப்ளிக்கு நம்பணுமே. ஏசுபாதம் புடிச்சிகினு வரட்டும், நீ வூட்ல இருந்து பாத்துக்கோ.”

குதிரைக்கு ஒரு டாக்டர் சொன்னது ஒரு மணி நேரத்தில் செல்லுபடியாயிற்று. மனுஷிக்கு ஒரு டாக்டர் சொன்னது நாலு வருஷமாகியும் ஆகவில்லை. இதைப் பிரிசில்லா முனிசாமியின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் அடுத்த குதிரையை வரிசையில் விடப் போனார். வீட்டில் பெண் பத்தாவதும் பையன் எட்டாவதும் படித்துக்கொண்டிருந்தார்கள். குதிரை ஓடினால்தான் அடுப்பு எரியும். கயிற்றை ஏசுபாதத்திடம் கொடுத்தாள்.

நான்கு வருஷம் அவன்தான் கரையில் நின்றான். அவள் கொட்டகையில் நின்றாள். கொள் வேகவைப்பது, தேய்ப்பது, லாடம் பார்ப்பது, லத்தி அள்ளுவது எல்லாம் அவள் கை. ஊர்ப்பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து சிரிக்கிற முதுகைத் தினமும் தடவித் துடைத்தது அந்தக் கைதான். கயிறு மட்டும் அந்தக் கையில் இருக்கக்கூடாது. மணலில் போகிறவர்களுக்கு அது தெரியாது. தெரிந்த சங்கத்துக்காரர்கள் நல்லா பராமரிக்கிறியேப்பா என்று ஏசுபாதத்தின் தோளைத் தட்டினார்கள்.

2003-இல் கரிமணி முழு வெள்ளையாகிவிட்டது. கால் குளம்புக்கு மேலே இருந்த கடைசிச் சாம்பலும் போய், வெயிலில் பார்க்கக் கண் கூசியது. இப்போது கூட்டம் மாறிப்போயிற்று. அந்தக் குதிரை, அந்த வெள்ளைக் குதிரை என்று குழந்தைகள் மற்ற குதிரைகளைத் தள்ளிவிட்டு ஓடிவந்தன. அதன்மேல் மணலை வீசிய கரை அதற்கு முன்னால் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது.

அப்போதுதான் கலைவாணன் வந்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாக முளைத்த ரிசார்ட்டுகளில் கல்யாணங்களை எடுத்து நடத்துகிறவன். ஆவணியில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். பெண்ணின் அப்பா லக்ஷ்மிநாராயணன் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வேண்டாமாம், வெள்ளைக் குதிரை வேண்டுமாம். வேலூர் வரைக்கும் தேடிவிட்டு வந்திருந்தான். கரிமணியைப் பார்த்ததும் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு புள்ளிகூட இல்லையே என்று வியந்தான். இந்த ஒன்று நன்றாக அமைந்தால் வருஷம் முழுக்க முகூர்த்தம் தருவதாகச் சொன்னான்.

கல்யாணம் என்றால் பேண்டு, வாணவேடிக்கை, அதிர்வேட்டு. கரைக் குதிரைக்கு அதெல்லாம் பழக்கமில்லை. கல்யாணத்துக்கு முந்தின ஒரு மாதம் பிரிசில்லா கொள் வைக்கும்போதெல்லாம் அலுமினிய அண்டாவைத் தட்டினாள். முதலில் மெதுவாக, பிறகு தெருவே வந்து திட்டுகிற அளவுக்கு. கடைசி வாரத்தில் சரவெடியே கொளுத்தினாள். சத்தம் கேட்டால் கரிமணி அவள் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கப் பழகியது. ஏசுபாதத்தின் தோளில் வைக்கவில்லை. ஆகவே கயிற்றைப் பிடிக்கிறவள் பிரிசில்லாதான் என்று வீட்டில் முடிவாயிற்று. பட்டுச்சேலை இல்லை. மகள் கொடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலைக்குப் பூ வைத்துப் போனாள்.

ரிசார்ட் வாசலில் மாலை ஆறு மணி. மாப்பிள்ளை கேசவன் கோட்டு சூட்டில் ஸ்டூல் போட்டு ஏறி உட்கார்ந்தான். குனிந்து, கடிக்குமா என்று கேட்டான். பின்பக்கத்தில் பல் இல்லை தம்பி, தைரியமா உக்காரு என்றாள் பிரிசில்லா. நாதஸ்வரம் ஆரம்பித்தது, வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். விளக்கு வெளிச்சம் நேராக அவள் கைமேல் விழுந்தது.

கலைவாணன் வேகமாக வந்தான். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கயிற்றை வாட்ச்மேன் பிடிக்கட்டும், அவள் பின்பக்கம் போய்ச் சாப்பிடலாம் என்று காதோரம் சொன்னான். வெடி போட்டால் அவள் இல்லாமல் குதிரை நிற்காது என்றாள் பிரிசில்லா. அவன் யோசித்துவிட்டு ஓடினான். பரிமாறுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் துணிக் கையுறை ஒரு ஜோடியோடு திரும்பி வந்தான்.

“இதப் போட்டுக்குங்க. வெள்ளதான், குதிரைக்கு மேட்ச் ஆவும்.”

பிரிசில்லா அந்த உறையைப் பார்த்தாள். வெள்ளையை மறைக்க வெள்ளை. அந்த நேரத்தில் அவள் கண்முன்னால் சியாமளா வீட்டு ஜன்னல் திட்டு வரவில்லை, மணல் வீசிய கூட்டம் வரவில்லை. தானே தன் கையில் சுற்றிக்கொண்ட துணிதான் வந்தது. இன்னொரு தடவை அது நடக்காது.

“வெள்ளக் குதிரதான் வேணும்னு வேலூரு வரிக்கும் தேடிகினு போன. குதிர மேல இருந்தா அழகு, என் கை மேல இருந்தா நோவா? இன்னா நியாயம் இது?”

“அம்மா, மெதுவா பேசுங்க.”

“கயித்த வுட மாட்டேன். நான் ஆவலன்னா மாப்ளய எறக்கிக்கோ. குதிரய இட்டுகினு போய்கினே இருக்கேன்.”

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். பட்டுச்சேலைகளும் வேட்டிகளும் திரும்பிப் பார்த்தன. கேசவன் மேலே உட்கார்ந்தபடி, இறங்கணுமா வேண்டாமா என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் விழித்தான். லக்ஷ்மிநாராயணன் வந்தார். கலைவாணன் விளக்கினான். அவர் பிரிசில்லாவைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகிறது, தொலையட்டும், அந்தம்மாவே பிடிக்கட்டும் என்றார்.

மன்னிப்பு இல்லை. தப்பு என்ற பேச்சும் இல்லை. நேரமாகிவிட்டது, அதுதான் காரணம். ஆனாலும் ஊர்வலம் போயிற்று. கடலோரப் பாதை முழுக்க, பேண்டு முழங்க, வெடி வெடிக்க, பிரிசில்லா வெறுங்கையோடு கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள். கரிமணி அவள் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தது. ஒரு சின்னப் பெண் பக்கத்திலேயே ஓடிவந்து, உங்க கையும் குதிரை கலர்லயே இருக்கே ஆன்ட்டி என்றாள். அவள் அம்மா அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

படத்தில் பிரிசில்லா இல்லை. வீடியோக்காரர் சாமர்த்தியக்காரர். கலைவாணன் பிறகு அடுத்த வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வைத்திருந்த ஆல்பத்தில் வெள்ளைக் குதிரை இருக்கிறது, கோட்டு போட்ட மாப்பிள்ளை இருக்கிறான். குதிரையின் வாயிலிருந்து ஒரு கயிறு கிளம்பி, படத்தின் ஓரத்தில் அறுந்துபோகிறது.

ஊர்வலத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏசுபாதம் எழுந்து சட்டையைத் தேடியபோது கொட்டகை காலியாக இருந்தது. பிரிசில்லா கரிமணியைக் கரைக்குப் பிடித்துப் போய், வரிசையில் நின்றிருந்தாள். முனிசாமி வந்து பார்த்தார். மற்றவர்களிடம் போய்ச் சங்கத்தைக் கூட்டவேண்டும் என்றார். கூட்டம் புதன்கிழமை என்று முடிவாயிற்று. அவர்கள் பேசி முடிப்பதற்குள் அவள் ஐந்து சவாரி விட்டிருந்தாள். புதன்கிழமைக் கூட்டத்துக்குப் பிரிசில்லாவும் போகிறாள்.